ஜெர்மனியில் ஐடி வேலை தேட ஏஜென்சிக்குப் பணம் கட்ட வேண்டுமா?

கோவையில் ஐந்து வருட ஜாவா அனுபவத்தோடு இருக்கிறீர்கள், ஜெர்மனியில் வேலை வாங்கித் தர ஒரு ஏஜென்சி மூன்று லட்சம் கேட்கிறது, கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாதீர்கள். நான் சென்னையில் இருந்தபடியே நேரடியாக விண்ணப்பித்து பெர்லினுக்கு வந்தவன். இப்போது எங்கள் டீமுக்கு ஆள் எடுக்கும் இன்டர்வியூக்களில் நானும் உட்கார்கிறேன்.

இங்கே ஐடி கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ரெக்ரூட்டருக்குக் கம்பெனிதான் காசு கொடுக்கும். அப்படிப்பட்டவர் லிங்க்ட்இன்னில் பேச வந்தால் தாராளமாகப் பேசுங்கள். சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள், நோட்டீஸ் பீரியட் என்ன, விசா வேண்டுமா என்று கேட்பார். மூன்று மாத நோட்டீஸ் என்று சொல்லத் தயங்க வேண்டாம், இங்கேயும் அது சகஜம்தான். உங்களிடமே பணம் கேட்பவரிடம் பெரும்பாலும் கம்பெனித் தொடர்பே இருக்காது. நீங்களே விண்ணப்பிக்கக்கூடிய அதே இணையதளங்களில் உங்கள் ரெஸ்யூமேயைப் போட்டுவிடுவார், அவ்வளவுதான்.

விசா என்றதும்தான் பலரும் பயந்துபோய் ஏஜென்ட்டிடம் ஓடுகிறார்கள். ஆனால் புளூ கார்டு, அதாவது படித்த, திறமையான வெளிநாட்டவர் இங்கே தங்கி வேலை செய்வதற்கான அனுமதி, யாரோ வாங்கித் தரும் பொருள் இல்லை. தகுதியான பட்டமும், குறிப்பிட்ட சம்பளத்துக்கு வேலை ஒப்பந்தமும் இருந்தால் நீங்களே விண்ணப்பிக்கலாம். ஐடி வேலைகளுக்கு 2025-இல் அந்தச் சம்பள வரம்பு ஆண்டுக்கு 43,759.80 யூரோ. ஒவ்வொரு ஜனவரியிலும் இது மாறும், அப்போதைய தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2023 நவம்பரிலிருந்து பட்டம் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. கடைசி ஏழு வருடத்தில் மூன்று வருடமாவது அதற்கேற்ற ஐடி அனுபவம் காட்ட வேண்டும்.

பட்டம் செல்லுமா என்று 'அனபின்' என்ற ஜெர்மன் அரசுத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். தளம் ஜெர்மன் மொழியில் இருக்கும், பிரவுசரில் மொழிபெயர்த்துக்கொண்டால் போதும். நம் ஊர்க்காரர்கள் திணறுவது இங்கேதான்: கல்லூரிப் பெயரைப் போட்டுத் தேடிவிட்டு, காணோம் என்று கைவிட்டுவிடுகிறார்கள். சான்றிதழ் தந்தது எந்தப் பல்கலைக்கழகமோ அதைத் தேட வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி என்றால் அண்ணா பல்கலைக்கழகம். பெயருக்கு நேரே 'எச் பிளஸ்' (H+, அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகம் என்று அர்த்தம்) இருக்கிறதா, உங்கள் பட்டமும் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கத்தையும் பிரின்ட் எடுத்து வையுங்கள், விசா விண்ணப்பத்துக்குத் தேவைப்படும்.

அப்புறம் அதை ரெஸ்யூமேயின் மேலேயே ஒரு வரியில் எழுதுங்கள்: புளூ கார்டுக்குத் தகுதி உண்டு, பட்டம் அனபினில் இருக்கிறது, இத்தனை மாதத்தில் சேர முடியும். வெளிநாட்டு ஆளை எடுத்தால் என்னென்ன சிக்கல் வருமோ என்று யோசிக்கும் சின்ன கம்பெனிக்கு இந்த ஒரு வரி பெரிய தெம்பு. எங்களிடம் வரும் ரெஸ்யூமேக்களில் இதை எழுதியிருப்பவர்கள் மிகக் குறைவு.

ஏஜென்சி 'ஆப்பர்சூனிட்டி கார்டு' வாங்கித் தருகிறோம் என்று சொன்னால் கூடுதல் கவனம் வேண்டும். 2024 ஜூனில் வந்த அந்த அனுமதி, இங்கே வந்து ஒரு வருடம் வரை வேலை தேடுவதற்கானது. செலவுக்கான பணத்தையும் நீங்களே காட்ட வேண்டும். கையில் வேலை கிடைத்துவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

இந்தியச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புபவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். உங்களிடம் வாங்கக்கூடிய கட்டணமும் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. பதிவு எண்ணை அந்த அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று நம்பிப் போனவர்களை மியான்மரின் மியாவாடியில் அடைத்துவைத்து இணைய மோசடி செய்ய வைத்ததால், 2022-இல் இந்திய அரசே எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. அதில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் சிக்கினார்கள். உங்களிடம் மூன்று லட்சம் கேட்பவரிடம் முதலில் அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள்.