காகாப்போவும் குச்சிப்பூச்சியும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

காகாப்போ கிளி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். இரவில் நடமாடும், பறக்காத அந்தப் பறவையைக் காப்பாற்றப் பாடுபடுவது புரிகிறது. ஆனால் ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹவ் தீவின் குச்சிப்பூச்சியை அதற்குச் சமமாக வைத்து எழுதியிருந்தீர்கள். கிளியும் பூச்சியும் ஒன்றாகுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

அழிவு வந்த வழியைப் பார்த்தால் ஒன்றுதான். ஆபத்து வந்தால் காகாப்போ ஓடாது. அப்படியே அசையாமல் நின்றுவிடும். நியூசிலாந்தில் ஒருகாலத்தில் அதன் எதிரிகள் கண்ணால் பார்த்து வேட்டையாடும் பறவைகள்தான். பாசிநிற இறகோடு அசையாமல் இருந்தாலே தப்பிவிடலாம். மனிதர்களோடு வந்த பூனையும் எலியும் மோப்பம் பிடிப்பவை. காகாப்போவின் உடலிலோ தூக்கலான வாசனை. இத்தனை காலம் காத்த பழக்கமே காலை வாரிவிட்டது. 1995இல் மிஞ்சியவை 51.

பூச்சிக்கு எமன் கப்பலில் வந்தான். 1918இல் மக்காம்போ என்ற கப்பல் லார்ட் ஹவ் தீவில் தரைதட்ட, எலிகள் கரையேறின. குச்சிப்பூச்சியோ கையளவு நீளம், சிறகு கிடையாது, பகலெல்லாம் மரப்பொந்தில் கூட்டமாகத் தூங்கும். எலிகளுக்கு வேறென்ன வேண்டும்? சில ஆண்டுகளில் தீவில் ஒன்றுகூட இல்லை.

சரி, வித்தியாசம் எங்கே என்றால், குரலில். ஆண் காகாப்போ தரையில் குழி பறித்து உட்கார்ந்து, நெஞ்சை ஊதி முழங்கும். கிலோமீட்டர் கணக்கில் கேட்கும். தேடிப்போனவர்களுக்கு அது ஒரு துப்பு. பூச்சி கூப்பிடாது. 2001இல் அந்தத் தீவுக்கு அருகே பால்ஸ் பிரமிட் என்ற செங்குத்தான கடற்பாறையில் ஏறியவர்கள் பகலில் பார்த்தது ஒரு புதரடியில் கிடந்த ஈர எச்சத்தை மட்டும்தான். அதை நம்பி இருட்டில் விளக்கோடு திரும்ப ஏறினார்கள். இலைகளின்மேல் அந்தப் பூச்சிகள் பளபளவென்று கறுப்பாக உட்கார்ந்திருந்தன. பிறகு எண்ணியபோதும் 24தான்.

2003இல் இரண்டு ஜோடிகளைக் கொண்டுவந்தார்கள். ஒரு ஜோடி சீக்கிரமே இறந்தது. மெல்பர்ன் விலங்ககத்துக்குப் போன ஜோடியில் பெண்ணுக்கு ஏவாள் என்று பெயர். அதுவும் ஒருநாள் சுருண்டுவிட்டது. பராமரிப்பாளர் கால்சியமும் பூந்தேனும் கலந்து, கையில் வைத்துச் சொட்டுச் சொட்டாக ஊட்டினார். பிழைத்தது; முட்டையும் இட்டது. நலிந்த காகாப்போ குஞ்சுகளையும் இப்படித்தான் ஊட்டி வளர்க்கிறார்கள். ஊட்டிய கைகள் கிளியா பூச்சியா என்று பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.