சின்ன அறை, பதினாறு வாத்தியம், கடைசி பஸ்

கேள்வி: சின்ன ஜாஸ் கிளப்பில் நேரில் கேட்பதில் அப்படி என்ன விசேஷம்? நம்ம மலையகத்தில் அப்படி ஒரு இடம் நடத்த முடியுமா?

விசேஷம் இருக்கிறது. நடத்தவும் முடியும், ஆனால் இரவில் முடியாது.

நியூயோர்க்கில் இருக்கும் மச்சான் ஒரு திங்கட்கிழமை என்னை வில்லேஜ் வேன்கார்டுக்குக் கூட்டிப்போனான். கிரீனிச் வில்லேஜில் 1935 முதல் அதே நிலவறையில் இருக்கிற கிளப். ஆரம்பத்தில் கவிதை வாசிப்பு, நாட்டார் பாட்டு, நகைச்சுவை எல்லாம் நடந்ததாம். 1957இலிருந்துதான் ஜாஸுக்கென்றே ஆனது. படியிறங்கினால் ஆப்பு மாதிரி குறுகிக்கொண்டே போகும் அறை, குறுகின பக்கம் மேடை. மொத்தமே 123 பேருக்குத்தான் இடம். திங்கட்கிழமைகளில் அந்த மூலைக்குள் 16 பேர் கொண்ட வாத்தியக்குழு வாசிக்கும், 1966இலிருந்து இந்த வழக்கம். தோட்டத்து லயக் காம்பராவில் ஏழு பேராகப் படுத்து வளர்ந்த எனக்கு நெருக்கடி புதிதில்லை. ஆனாலும் ட்ரொம்போன்காரர் குழாயை முன்னால் நீட்டும்போதெல்லாம் முன்மேசைக் கிளாஸைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது.

போனை வெளியே எடுக்கக் கூடாது. அதுவே பாதி விசேஷம். மீதிப் பாதி, வாசிக்கிறவர் மூச்சு இழுப்பது நமக்குக் கேட்கும், நாம் அசையாமல் இருப்பது அவருக்குத் தெரியும். நம்ம தோட்டங்களில் ஆடும் காமன் கூத்தில் தப்பு என்கிற பறையை அடிக்கிறவருக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பத்தடி தள்ளி நின்றாலே அது வேறு அடி.

போக வழியில்லாதவர்கள் பியானோக்காரர் பில் எவன்ஸின் மூவர் குழு 1961 ஜூன் 25 அன்று அங்கே வாசித்த பதிவைக் கேளுங்கள். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை; பகலில் இரண்டு தடவை, இரவில் மூன்று தடவை வாசித்தார்கள். கிளாஸ் உரசுகிற சத்தம், யாரோ பேசுகிற சத்தம் எல்லாம் அதில் இருக்கிறது. அதில் பாஸ் என்கிற பெரிய தந்தி வாத்தியம் வாசித்த ஸ்கொட் லஃபாரோ பதினொரு நாளில் கார் விபத்தில் இறந்துபோனார், வயது 25. அதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் கிளாஸ் சத்தம் எனக்கு வேறு மாதிரிக் கேட்கிறது.

சரி, மலையகம். இங்கே அறைக்கோ ஆளுக்கோ பஞ்சமில்லை, பஸ்தான் பிரச்சினை. கிளப் சூடுபிடிக்கிற நேரத்துக்குத் தோட்டத்துக்குப் போகிற கடைசி பஸ் எப்போதோ போயிருக்கும். இரவில் வைத்தால் டவுனில் தங்கியிருக்கிற டூரிஸ்ட்டுக்கு மட்டும்தான் வாசிக்க வேண்டும். அதனால் நாங்கள் ஹட்டனில் ஒரு கடை மாடியில் ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு வைத்தோம். சாமான் வாங்க எப்படியும் சனம் டவுனுக்கு வரும். முப்பது பிளாஸ்டிக் கதிரை, பிளேன்டி, வடை. சாராயம் இல்லாததால் வருமானம் குறைவு, சண்டையும் குறைவு.

கிட்டார், கீபோர்ட், தப்பு. இதை ஜாஸ் என்று சொல்லலாமா என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். ஒருவர் அடித்துக் காட்ட மற்றவர் அந்த இடத்திலேயே பதில் சொல்வதுதான் ஜாஸுக்கு உயிர் என்பது என் கட்சி.

முதல் ஞாயிறு மழை. மூன்றாவது உருப்படியில் கரண்ட் போனது, கீபோர்ட் செத்தது. மன்னிப்புக் கேட்க எழுந்தேன். அதற்குள் கிட்டார்காரர் ஒயரைக் கழற்றிவிட்டு வெறுங் கிட்டாரில் மெதுவாகத் தொடர்ந்தார், தப்புக்கார அண்ணன் குச்சியை வைத்துவிட்டு விரலால் தட்டினார். சனம் கதிரையை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தது. ஒருவரும் சொல்லி வரவில்லை.

முடிந்ததும் அண்ணனிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். ஈரத்தில் தப்பின் தோல் தொய்ந்துபோனதில் அவருக்குக் கோபம்.

"அடுத்த ஞாயிறு ஒரு சட்டியில நெருப்பு வையுங்க தம்பி. காய்ச்சாத தப்ப எப்பிடி அடிக்கிறது?"