மெடிக்கல் போர்டு கேட்டு 30 சதவீதத்தை 60 ஆக்கலாமா?

கேள்வி: ராணுவத்தில் 17 ஆண்டுகள் இருந்து, 2014 ஜனவரியில் டெர்ம் (பணிக்காலம்) முடிந்து சிப்பாயாக வெளியே வந்தேன். லடாக்கில் இருந்தபோது முதுகும் இடுப்பும் காலையில் எழ முடியாதபடி பிடித்துக்கொள்ளும். ராணுவ மருத்துவமனையில் அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் (முதுகெலும்பை இறுக்கும் மூட்டுவாதம்) என்றார்கள். லோ மெடிக்கல் கேட்டகரியிலேயே (உடல்தகுதி குறைந்தவர் பிரிவு) மீதி சர்வீஸை ஓட்டினேன். வெளியே வரும்போது பரிசோதிக்கும் டாக்டர்கள் குழுவான ரிலீஸ் மெடிக்கல் போர்டில் 'ஊனம் 30 சதவீதம், வாழ்நாள் முழுவதும், பணியால் அதிகமானது' என்று எழுதினார்கள். சர்வீஸ் பென்ஷனோடு 30 சதவீதத்துக்கான டிசேபிலிட்டி எலிமென்ட் (ஊனத்துக்கான கூடுதல் பென்ஷன்) வருகிறது. இப்போது வயது 47. வலது இடுப்பு மூட்டை மாற்ற வேண்டும் என்கிறார் டாக்டர். எங்கள் ஊர்ப் பக்கம் பென்ஷன் கேஸ் பார்க்கும் ஒருவர், "ரிவியூ போர்டு போட்டு 60 சதவீதம் ஆக்கித் தருகிறேன், 2014-லிருந்து அரியரும் வரும், 40,000 ரூபாயும் அரியரில் 20 சதவீதமும் கொடுங்கள்" என்கிறார். இருப்பதும் போய்விடும் என்று மனைவி பயப்படுகிறார். ஆபரேஷனுக்கு நகைக்கடன் வாங்கலாமா என்றும் யோசனை. என்ன செய்யலாம்?
— முன்னாள் சிப்பாய், வேலூர் மாவட்டம்

பதில்: உங்கள் மனைவி பயப்படுவது சரிதான். இப்போதைக்கு போர்டு கேட்காதீர்கள். ஆனால் போர்டே இல்லாமல் உங்களுக்கு வரவேண்டிய பணம் ஒன்று இருக்கிறது. அந்த ஏஜென்ட் அதைச் சொல்லவில்லை, ஒருவேளை அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். முதலில் அதைப் பார்ப்போம்.

டிசேபிலிட்டி எலிமென்ட் எப்படிக் கணக்காகிறது? 100 சதவீத ஊனத்துக்கு, கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதம். ஊனம் குறைந்தால் அதே விகிதத்தில் குறையும். இந்த 30-ம் போர்டு எழுதிய 30-ம் வேறு வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு எனக்கு எழுதுபவர்கள் நிறையப் பேர். ஏழாவது ஊதியக் குழுவுக்கு ஏற்ப மாற்றிய உங்கள் சம்பளம், மிலிட்டரி சர்வீஸ் பே சேர்த்து, 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சரியான தொகை உங்கள் பிபிஓவில் (பென்ஷன் உத்தரவுத் தாள்) இருக்கும். 100 சதவீதத்துக்கு 12,000. உங்கள் 30-க்கு 3,600. 2025 ஜூலை முதல் 58 சதவீத அகவிலை நிவாரணம் சேர்த்தால் 5,688 ரூபாய்.

இப்போது ரவுண்டிங் ஆஃப் என்ற விஷயத்துக்கு வருகிறேன். 2001 ஜனவரி 31-ல் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு கடிதம் வெளியிட்டது. போர்டு எழுதும் சதவீதத்தை அப்படியே எடுக்காமல் மூன்று படிகளாக்கியது. 50-க்குக் கீழே எது இருந்தாலும் 50 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 50 முதல் 75 வரை இருந்தால் 75. அதற்கு மேல் என்றால் 100. போர்டில் உட்காரும் டாக்டருக்கு டாக்டர் மதிப்பீடு மாறும் என்பதால் வந்த ஏற்பாடு இது. ஆனால் நோயால் பாதியிலேயே வெளியே அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் இது என்று நிர்வாகம் பிடிவாதமாக இருந்தது. உங்களைப் போல ஊனத்தோடேயே பல்லைக் கடித்துக்கொண்டு டெர்மை முடித்தவர்களுக்குக் கிடையாதாம். சர்வீஸை முழுதாகச் செய்து கொடுத்தவனுக்குக் குறைவு, பாதியில் போனவனுக்கு அதிகம் என்கிற கணக்கு! 2014 டிசம்பர் 10-ல் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை ஏற்கவில்லை. டெர்ம் முடித்தோ வயது முடிந்தோ ஓய்வு பெற்றவர்களுக்கும் ரவுண்டிங் உண்டு என்றது. நீங்கள் வெளியே வந்து பதினோரு மாதம் கூட ஆகவில்லை அப்போது.

தீர்ப்பு வந்தால் பணம் தானாக வந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. டெர்ம் முடித்த ஏராளமானோர் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் வரை போய்த்தான் இதை வாங்கினார்கள். உங்கள் பிபிஓவில் 30 என்றே இருக்கிறது என்றால் நீங்கள் இன்னும் கேட்கவில்லை என்று அர்த்தம்.

30 என்பது 50 ஆனால், நம் மாதிரிக் கணக்குப்படி 6,000 ரூபாய். அகவிலை நிவாரணத்தோடு 9,480. மாதம் 3,792 ரூபாய் கூடுதல். இதற்கு எந்த டாக்டரும் உங்களைத் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை. ஏற்கெனவே எழுதிய 30-ஐ யாரும் திரும்பத் திறப்பதும் இல்லை. 2001 பிப்ரவரி 7-ல் வந்த இன்னொரு கடிதத்தின்படி, நிரந்தரம் என்று எழுதப்பட்ட ஊனத்தை நீங்களாகக் கேட்டால் தவிர மறுபடி பரிசோதிக்க மாட்டார்கள். அந்தப் பாதுகாப்பு உங்கள் கையில் இருக்கும்வரை 30 பத்திரமாக இருக்கிறது.

ரிவியூ போர்டு கேட்டால் அந்தப் பூட்டை நீங்களே திறந்து கொடுக்கிறீர்கள். 30 இருந்தது 40 ஆகலாம், 45 கூட ஆகலாம். ரவுண்டிங் வாங்கியபின் அதனால் ஒரு பைசா லாபமில்லை. 30-ம் 50 தான், 45-ம் 50 தான். போர்டு 50 அல்லது அதற்கு மேல் எழுதினால் மட்டுமே 75-க்குத் தாவுவீர்கள். அப்போது மாதம் 14,220. கீழே இறங்கினாலோ? 20-க்குக் கீழே போனால் டிசேபிலிட்டி எலிமென்ட் மொத்தமாகவே நின்றுவிடும். ஏஜென்ட் சொல்லும் 60 என்பது அவர் வாயில் இருக்கும் எண். எழுதப்போவது போர்டு.

இந்த நோயில் ஒரு சிக்கலும் இருக்கிறது. அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் முதுகெலும்போடு நிற்பதில்லை, இடுப்பு மூட்டையும் பிடிக்கும். அது நோயின் இயல்பு. ஆனால் உங்கள் பழைய போர்டு தாளில் முதுகு மட்டும் இருந்து, இப்போது இடுப்பைக் காட்டினால், 'இது வயதால் வந்த வேறு தேய்மானம்' என்று ஒதுக்கிவிட வாய்ப்பு இருக்கிறது. அதனால் பிறகு எப்போதாவது ரிவியூ போவதென்றால், இடுப்புக் கோளாறு அதே நோயின் தொடர்ச்சி என்று மூட்டுவாத நிபுணர் எழுதித் தந்த குறிப்பும், எம்ஆர்ஐயும், சர்வீஸ் காலத்து மருத்துவமனைத் தாள்களும் கையில் இருக்க வேண்டும். அந்தக் குறிப்பை மட்டும் ஆபரேஷனுக்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூட்டை மாற்றிய பிறகு நீங்கள் நன்றாக நடந்தால் சதவீதம் ஏறுவது கஷ்டம், அதுவும் உண்மைதான். அதற்காக ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீர்கள். 50-லிருந்து 75 ஆனால் கூடும் மாதம் நாலாயிரத்து சொச்சம் ரூபாய்க்காக இரண்டு வருடம் நொண்டுவது எந்தக் கணக்கிலும் சேராது.

சரி, ரவுண்டிங்கை எப்படிக் கேட்பது? பிபிஓ, டிஸ்சார்ஜ் புக், ரிலீஸ் மெடிக்கல் போர்டின் தாள்கள், இவை மூன்றும் வேண்டும். போர்டு தாள் ஏஎஃப்எம்எஸ்எஃப்-16 என்ற படிவத்தில் இருக்கும். தொலைந்திருந்தால், உங்கள் சர்வீஸ் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். நீங்கள் மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் அது வெலிங்டனில். தாள் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது சதவீதத்தை அல்ல, 'பணியால் ஏற்பட்டதா, பணியால் அதிகமானதா, இரண்டும் இல்லையா' என்ற கட்டத்தை. உங்களுக்கு 'அதிகமானது' என்று இருக்கிறது. அதனால்தான் இன்று பணம் வருகிறது.

'இரண்டும் இல்லை' என்று இருக்கும் மற்ற வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. இந்த நோயில் மரபணுவுக்கும் பங்கு இருப்பதால் 'உடல்வாகால் வந்தது' என்று எழுதிவிடுவது போர்டுகளுக்கு எளிது. 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்குக் கடிவாளம் போட்டது. அவர் 1985-ல் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்து, 1994-ல் வலிப்பு நோய் என்று 20 சதவீத ஊனத்தோடு அனுப்பப்பட்டவர். சேரும்போது நோய் இருந்ததாகப் பதிவு இல்லையென்றால் நல்ல உடம்போடுதான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும், பணியால் வரவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு நிர்வாகத்துடையது, சந்தேகத்தின் பலன் வீரருக்கு என்றது நீதிமன்றம். மறுப்புக் கடிதத்தில் காரணமே இல்லாமல் ஒரு வரி மட்டும் இருந்தால், அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு முதல் அப்பீல், இரண்டாவது அப்பீல் என்று போக வேண்டும். 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்கு மட்டும் புதிய விதிகள். இந்தப் பதிலை அவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ராம் அவதார் தீர்ப்பைக் குறிப்பிட்டு, 30-ஐ 50 ஆக்கும்படி ரெக்கார்டு ஆபீஸுக்குப் பதிவுத் தபாலில் ஒரு மனு அனுப்புங்கள். மறுத்தால் ஆறு மாதத்துக்குள் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பதிலே வராமல் ஆறு மாதம் ஓடிவிட்டாலும் போகலாம். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் வைத்துக்கொள்வது நல்லது. தீர்ப்பாயத்தில் வழக்கமாக நிற்கும் வக்கீலுக்கு இது புதிய வழக்கே இல்லை, மனுவில் பெயரும் தேதியும்தான் மாறும். பேசி ஒரே தொகையாக ஃபீஸ் முடித்துக்கொள்ளுங்கள், அரியரில் பங்கு கொடுக்காதீர்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் விசாரியுங்கள். வீரர் குடும்பங்களுக்கு இலவச சட்ட உதவி தர 2025-ல் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் வீர் பரிவார் சஹாயதா யோஜனா என்று ஒன்றைத் தொடங்கியிருக்கிறது.

'2014-லிருந்து அரியர்' என்ற பேச்சில்தான் எனக்கு ஏஜென்ட் மேல் சந்தேகமே வந்தது. தர்சேம் சிங் என்ற வீரர் 1983-ல் ராணுவத்தை விட்டு வந்து, 1999-ல்தான் நீதிமன்றம் போனார். ஊன ஓய்வூதியம் மாதாமாதம் தொடரும் பாக்கி, அதனால் தாமதமானாலும் கேட்கலாம் என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் பழைய பாக்கியை வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடத்தோடு நிறுத்திவிட்டது. நீங்களும் மூன்று வருடத்தையே கணக்கில் வையுங்கள், அதற்கு மேல் கிடைத்தால் லாபம். 3,600 என்பது 6,000 ஆவதால் கூடும் மாதம் 2,400 வீதம் 36 மாதத்துக்கு 86,400. அகவிலை நிவாரணத்தோடு ஏறக்குறைய 1.3 லட்சம். இதில் ஏஜென்டுக்கு 40,000-ம் 20 சதவீதமாக 26,000-ம் போனால் பாதி போய்விட்டது. மனுவைத் தள்ளிப் போடும் ஒவ்வொரு மாதமும், பின்னால் ஒரு மாதப் பாக்கி கழன்று விழுகிறது. இதை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று விட முடியாது.

நகைக்கடன் வேண்டாம். நீங்கள் பென்ஷனர், ஈசிஹெச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) கார்டு இருக்க வேண்டும். இல்லையென்றால் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். பாலிகிளினிக்கில் ரெஃபரல் வாங்கி, அவர்கள் பட்டியலில் உள்ள மருத்துவமனையில் செய்தால் மூட்டு மாற்று கேஷ்லெஸ். ரெஃபரல் இல்லாமல் தெரிந்த டாக்டரிடம் நேராகப் போய்ப் படுத்துவிட்டு பிறகு பில்லைக் கொடுத்தால் அலைச்சல்தான். மருந்துக்கும் முதலில் அங்கேயே கேளுங்கள்; இந்த நோய்க்கான பயாலஜிக் ஊசிகளைக் கைக்காசில் வாங்கினால் நீங்கள் ஜெயிக்கும் 3,792 எந்த மூலைக்கும் போதாது.

வருமான வரியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, யாராவது பயமுறுத்துவார்கள் என்பதால் சொல்கிறேன். நோயால் பாதியில் அனுப்பப்பட்டவர்களின் ஊன ஓய்வூதியத்துக்கு மட்டுமே வரிவிலக்கு என்று 2019 ஜூன் 24-ல் ஒரு சுற்றறிக்கை வந்தது. டெர்ம் முடித்த உங்களை அது வெளியே நிறுத்துகிறது. அதை எதிர்த்து வழக்குகளும் நடந்தன. உங்கள் வீட்டுக்கு இந்தச் சண்டை தேவையில்லை. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் ஆண்டுக்கு 12 லட்சம் வரை வரி இல்லை. பென்ஷன், அரியர் எல்லாம் கூட்டினாலும் நீங்கள் அந்தக் கோட்டைத் தொட மாட்டீர்கள்.

பணம் வந்தால் என்ன செய்வது? தீர்ப்பாயத்தில் ஜெயித்தாலும் அரசு மேலே போகலாம். புதிய பிபிஓ கைக்கு வரும்வரை அந்தப் பணத்தை நம்பி எந்தத் தவணையும் போடாதீர்கள். வந்த அரியரை வங்கி டெபாசிட்டில் வைத்திருங்கள். ராணுவத்தில் ஓய்வு பெற்றவர்கள் 60 வரை காத்திருக்காமல் 50 வயதிலேயே மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் சேரலாம். இன்றைய வட்டி 8.2 சதவீதம். உங்களுக்கு இன்னும் மூன்று வருடம்தான்.

இன்னொன்று, இதை மனைவியோடு உட்கார்ந்து பேசுங்கள். டிசேபிலிட்டி எலிமென்ட் உங்கள் ஆயுள் வரைதான். உங்களுக்குப் பிறகு அவருக்கு வருவது குடும்ப ஓய்வூதியம், அதில் இந்த 50 சதவீதம் சேராது. இறப்புக்குக் காரணம் இந்த நோய்தான் என்று நிரூபணமானால் ஸ்பெஷல் ஃபேமிலி பென்ஷன் கேட்க வழி உண்டு. அதற்கும் இதே மருத்துவத் தாள்கள்தான் வேண்டும். ஆகவே அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நோய் இருப்பதால் புதிதாக டேர்ம் இன்ஷூரன்ஸ் கிடைப்பது சிரமம். கூடுதலாக வரும் 3,792-ல் மாதம் 2,500-ஐ அவர் பெயரில் ஆர்டியாகப் போட்டு வாருங்கள்.

அப்புறம், ஏஜென்டிடம் ஸ்பார்ஷ் (ராணுவ பென்ஷன் இணையதளம்) யூசர் நேமும் பாஸ்வேர்டும் கொடுத்திருந்தால் இன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றுங்கள். ரிவியூ போர்டுக்கான மனுவில் கையெழுத்து வாங்கியிருக்கிறாரா என்றும் கேளுங்கள். அனுப்பியிருந்தால், அதை வாபஸ் வாங்குகிறேன் என்று ரெக்கார்டு ஆபீஸுக்கு உடனே ஒரு பதிவுத் தபால் போடுங்கள். ரவுண்டிங் மனு அதற்கு அடுத்த நாள் போகட்டும்.