இன்னும் கர்ப்பமே ஆகல, அதுக்குள்ள மருந்தில்லாத பிரசவத்துக்குத் தயாராகறது ஓவரா?

கல்யாணமாகி ஒரு வருசம், இனிமேதான் குழந்தைக்கு டிரை பண்ணப் போறேன், ஊசி மருந்து எதுவும் இல்லாம சுகப்பிரசவம் ஆகணும்னு இப்பவே படிச்சிட்டிருக்கேன், இது ஓவரா, வீட்ல சொன்னா சிரிப்பாங்களான்னு கேட்டிருக்கீங்க. சிரிப்பாங்க. ஆனா ஓவர் இல்ல. நானும் இதே மாதிரி ஒரு வருசம் முன்னாடியே நோட்டு போட்டு எழுதுன ஆளுதான், இப்ப பொண்ணுக்கு ரெண்டு வயசு.

நான் ஆரம்பிச்சது யூடியூப்ல. எல்லாம் அமெரிக்காக்காரங்க வீடியோ, தொட்டித் தண்ணிக்குள்ள உக்காந்து பெத்துக்கிறாங்க, பக்கத்துல ஒரு அம்மா மெழுகுவத்தி ஏத்தி வச்சிட்டு கையப் புடிச்சிருக்காங்க. அவங்க எல்லாரும் ஒரே குரல்ல எபிடியூரல் (வலி தெரியாம இருக்க முதுகுல போடுற ஊசி) வேணாம் எபிடியூரல் வேணாம்னு சொல்ல, நானும் நோட்டுல மொத வரியா அதத்தான் எழுதுனேன். என் சித்தி பொண்ணு நர்ஸு, லேபர் வார்டுல வேலை பாத்தவ, அவகிட்ட பெருமையா காட்டுனா விழுந்து விழுந்து சிரிக்கிறா. "அக்கா, முதுகு ஊசிய நம்ம பக்கம் நீ கேட்டாலே பாதி எடத்துல போட ஆளு கெடையாது, அத என்னத்த வேணாங்கிற? நம்ம ஊர்ல நீ கேள்வி கேக்க வேண்டியது வலிய கொறைக்கிற ஊசிய இல்ல, வலிய கூட்டுற டிரிப்ஸ"ன்னா. அந்த ஒத்த வரிக்கு அப்புறம் நோட்டக் கிழிச்சுட்டு புதுசா ஆரம்பிச்சேன்.

விசயம் என்னன்னா, தானா வர்ற வலி ஏறும், எறங்கும், நடுவுல மூச்சு விட நேரம் குடுக்கும். அவ சொன்ன டிரிப்ஸ், அதான் வலிய வரவைக்கிற ஆக்ஸிடோசின் மருந்து, அத ஏத்துனா அந்த இடைவெளி சுருங்கி வலி பலமா அடுத்தடுத்து வரும், கையில டிரிப்ஸ் மாட்டிட்டா பல எடத்துல நடக்கவும் விட மாட்டாங்க, படுத்தே கிடக்கணும், அப்ப வலி இன்னும் தாங்காது. கர்ப்பப்பை வாய் ஒரு மணி நேரத்துக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்கணும்னு ஒரு பழைய கணக்கு இருக்கு, அது நெறைய பொம்பளைங்களுக்குப் பொருந்தாது, 5 சென்டிமீட்டர் திறக்கிறதுக்கு முன்னாடி தாயும் பிள்ளையும் நல்லா இருந்தா சும்மா அவசரப்படுத்தாதீங்கன்னு உலக சுகாதார நிறுவனமே 2018-ல சொல்லிருச்சு. அதுக்காக டிரிப்ஸே கெட்டதுன்னு நெனச்சுக்காதீங்க, பனிக்குடம் உடைஞ்சு ரொம்ப நேரமாகியும் வலி வரலன்னா கிருமி போகும், அப்ப அது வேணும்.

இன்னொன்னு, பிள்ளை பிறந்த உடனே தொடையில 10 யூனிட் போடுறாங்களே ஒரு ஊசி, அதுவும் இதே மருந்துதான், ஆனா அது ரத்தப்போக்கு வராம தடுக்க. 'மருந்தே வேணாம்'ங்கிற ஜோர்ல அதையும் வேணாம்னுடாதீங்க ப்ளீஸ். உசிலம்பட்டி பக்கம் எங்க அம்மாச்சி உத்திரத்துல கயிறு கட்டி அதப் புடிச்சுக்கிட்டு மருத்துவச்சி கையாலயே ஆறு பெத்தவங்க. அந்தக் கதைய எங்க வீட்ல எல்லாரும் பெருமையாத்தான் சொல்லுவாங்க, நான் உக்காரவச்சுக் கேட்டப்பதான் ஆறுல ரெண்டு தங்கலங்கிறதும், கடைசிப் பிரசவத்துல பாய் நனைஞ்சு போச்சு, பொழச்சது சாமி புண்ணியம்ங்கிறதும் வெளிய வந்துச்சு. 2018-ல திருப்பூர்ல யூடியூப் பாத்து வீட்லயே பிரசவம் பாத்து ஒரு டீச்சர் ரத்தப்போக்குல இறந்தாங்களே, அதுவும் ஞாபகம் இருக்கட்டும். ஆஸ்பத்திரிக்குள்ளயே மருந்து கம்மியா, அதான் என் கணக்கு.

சரி, கர்ப்பமாகறதுக்கு முன்னாடியே ஏன்? சில வேலை அப்பதான் செய்ய முடியும். ருபெல்லா (ஜெர்மன் அம்மை) தடுப்பூசி போட்டதில்லன்னா கர்ப்பமானப்புறம் போட முடியாது, போட்டா ஒரு மாசம் தள்ளித்தான் டிரை பண்ணணும். ஃபோலிக் ஆசிட் மாத்திரை 400 மைக்ரோகிராம், கரு நிக்கிறதுக்கு ஒரு மாசம் முன்னாடியாவது ஆரம்பிக்கணும், ஏன்னா நாள் தள்ளிப்போய் டெஸ்ட் பண்றதுக்குள்ளயே பிள்ளையோட முதுகுத்தண்டு உருவாக ஆரம்பிச்சிரும். தைராய்டு, சுகர் பாத்துக்கோங்க. எனக்கு ஹீமோகுளோபின் 9.2 இருந்துச்சு, தெம்பாத்தான் திரிஞ்சேன், தெரியவே இல்ல. ரத்தம் இல்லாம வலியத் தாங்குறதும் கஷ்டம், ரத்தம் போனா அதத் தாங்குறதும் கஷ்டம், அஞ்சு மாசம் மாத்திரை போட்டுத்தான் 12-க்கு ஏத்துனேன்.

டாக்டர் தேடுறதும் வயிறு இல்லாதப்பதான் நல்லா நடக்கும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டுல 44.9 சதவீதம் பிரசவம் ஆபரேஷன், தனியார்ல மட்டும் எடுத்தா 63.8. அப்ப எங்க போறோம்ங்கிறதுலயே பாதி முடிவாகிருதுல்ல? மொதல்ல போன எடத்துல டாக்டரம்மா "மொத உண்டாகிட்டு வாம்மா, அப்புறம் பேசலாம்"னு அனுப்பிட்டாங்க, ஃபீஸ் மட்டும் வாங்கிக்கிட்டாங்க. ரெண்டாவது ஒருத்தங்க, திருமங்கலம் ரோட்டுப் பக்கம் சின்ன நர்சிங் ஹோம், நான் கேட்ட மூணே கேள்வி: வலி நேரத்துல நடக்க விடுவீங்களா, கூட ஒரு ஆள் உள்ள இருக்கலாமா, எல்லாருக்கும் கீறித் தையல் போடுவீங்களா இல்ல தேவைப்பட்டாத்தானா. கோவப்படாம பதில் சொன்னாங்க, அவங்களையே புடிச்சுக்கிட்டேன்.

உடம்புக்குன்னு பெருசா எதுவும் பண்ணல, காலையில தெப்பக்குளத்தச் சுத்தி நடை, குத்த வச்சு உக்காந்து எந்திரிக்கிறது, மூச்சு. காசு கட்டி ஆன்லைன் கிளாஸ் ஒண்ணு போனேன், தெண்டம்.

கடைசியில எப்படி ஆச்சுன்னா, ரெண்டு தடவ சூட்டு வலிக்கு ஓடிப்போய் திரும்பி வந்தோம், சீரகத் தண்ணி குடிச்சதும் அடங்கிருச்சு. மூணாவது நெஜம், 11 மணி நேரம். வராண்டாவுல நடந்துக்கிட்டே இருந்தேன், 7 சென்டிமீட்டர்ல "எதாச்சும் ஊசி போடுங்க, அறுத்தாவது எடுங்க"ன்னு கத்தினது நானேதான், டாக்டர் இன்னொரு அரை மணி பாப்போம்னாங்க, அதுக்குள்ள முக்குற வலி வந்துருச்சு. டிரிப்ஸ் இல்ல. தொடை ஊசி உண்டு, லேசா கிழிஞ்சதுக்கு மரத்துப்போற ஊசி போட்டு ரெண்டு தையலும் உண்டு. அதனால மருந்தே இல்லாமப் பெத்தேன்னு நான் எங்கயும் சொல்லிக்கிறதில்ல.

வீட்ல சொல்றதப் பத்தி. நான் எல்லார்கிட்டயும் சொல்லித் தப்பு பண்ணேன். ஒரு விசேசத்துல எங்க மதினி இருக்கும்போதே இயற்கையா பெத்துக்கணும் அது இதுன்னு லெக்சர் குடுத்தேன், அவங்களுக்கு ரெண்டும் ஆபரேஷன், எந்திரிச்சு அடுப்படிக்குப் போய்ட்டாங்க, இன்னைக்கும் நெனச்சா கூசுது. அதனால ஊருக்கு வேணாம், லேபர் ரூமுக்குள்ள யார் வரப்போறாங்களோ அவங்ககிட்ட மட்டும் சொல்லுங்க. பல எடத்துல பொம்பளையத்தான் விடுவாங்க, வீட்டுக்காரர விட மாட்டாங்க. எங்க அம்மா நான் கத்துனா அவங்க மயங்கி விழுவாங்க, அதனால அத்தையக் கேட்டேன். "நாங்கள்லாம் எந்த நோட்டப் பாத்துப் பெத்தோம்?"னு கேலி பண்ணவங்கதான், ஆனா இடுப்புக்குக் கீழ உள்ளங்கையால எப்படி அமுக்கணும்னு சொல்லித் தந்தப்புறம் ஒரு மாசம் தினமும் ராத்திரி டிவி பாத்துக்கிட்டே பழகுனாங்க. அன்னிக்கு 11 மணி நேரமும் அமுக்குனாங்க, மறுநாள் எனக்கு வாங்குன கோடாலித் தைலம் அவங்க கைக்குத்தான் போச்சு.