கிளவுட் டேட்டா வேர்ஹவுஸில் தினசரி பேட்ச் வேலைகளுக்கு எஸ்கியூஎல் மட்டும் போதுமா, பல கணினிகளில் தரவைப் பிரித்துக் கணக்கிடும் ஸ்பார்க்கும் கற்க வேண்டுமா?

மார்த்தாண்டத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பதாகவும், தரவைக் கேட்டெடுக்கும் மொழியான எஸ்கியூஎல் மட்டுமே தெரியும் என்பதால் தயக்கமாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயங்க வேண்டாம். சேர்ந்த தரவை மொத்தமாக ஒரே நேரத்தில் கணக்கிடும் பேட்ச் வேலைகளில் பெரும்பகுதிக்கு எஸ்கியூஎல் தாராளமாகப் போதும். ஆனால் அலுவலகத்துச் சிறிய தரவுத்தளத்தில் எழுதிப் பழகிய வினவலை (தரவிடம் கேட்கும் கேள்வியை) அப்படியே இணையவழி வாடகைக்குக் கிடைக்கும் பெரிய தரவுக் கிடங்கான கிளவுட் டேட்டா வேர்ஹவுஸுக்குக் கொண்டு வந்தால் அது சரியான விடையைத் தந்தாலும் செலவு கையைக் கடிக்கும்.

நான் நாகர்கோவிலில் இருந்தபடி காற்றாலைத் தரவுகளைக் கையாளும் வேலை செய்கிறேன். ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பகுதியில் நிற்கும் காற்றாலைகள் காற்றின் வேகம், திசை, மின் உற்பத்தி, பேரிங் வெப்பநிலை முதலியவற்றைப் பத்து நிமிடத்துக்கு ஒரு பதிவாக அனுப்புகின்றன. ஒரு காற்றாலைக்கு நாளொன்றுக்கு 144 பதிவுகள் வரும். 1,000 காற்றாலைகள் என்று கொண்டால் ஆண்டுக்கு 5 கோடியே 25 லட்சத்து 60 ஆயிரம் வரிசைகள் சேரும். ஒவ்வொரு வரிசையிலும் நூற்றுக்கும் மேற்பட்ட நெடுவரிசைகள் உண்டு.

பிக்குவெரி, ஸ்னோஃப்ளேக், ரெட்ஷிஃப்ட் ஆகிய மூன்று வேர்ஹவுஸ்களும் தரவை நெடுவரிசை வாரியாகவே சேமிக்கின்றன. ஆகவே காற்றின் வேகமும் உற்பத்தியும் மட்டும் தேவைப்படும் இடத்தில் நட்சத்திரக் குறியிட்டு எல்லா நெடுவரிசைகளையும் கேட்பது வீண். பிக்குவெரியின் பயன்பாட்டுக்கேற்ற கட்டண முறையில் படிக்கப்படும் பைட்டுகளுக்குத்தான் பணம். பத்து வரிசை போதும் என்று லிமிட் 10 போட்டு முடித்தாலும் சாதாரண அட்டவணையில் படிக்கும் அளவு குறைவதில்லை. தேதி வாரியாகப் பார்ட்டிஷன் செய்த, அதாவது தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து வைத்த அட்டவணையில், தேவையான தேதிகளை வடிகட்டியில் குறிப்பிட்டால் அது குறையும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். கடைசியாகக் கணக்கிட்ட தேதியை வேறொரு சிறிய அட்டவணையிலிருந்து துணை வினவலால் (வினவலுக்குள் எழுதும் இன்னொரு வினவலால்) எடுத்து, அதையே வடிகட்டியாக வைத்திருந்தேன். படிப்பதற்கு மிக ஒழுங்காக இருந்த அந்த வினவல் இரவுதோறும் முழு அட்டவணையையும் படித்துக்கொண்டிருந்தது. மாத இறுதியில் பில்லைப் பார்த்த பிறகே புரிந்தது. எந்தப் பார்ட்டிஷன்களைப் படிக்க வேண்டும் என்பதைப் பிக்குவெரி வினவலைத் தொடங்கும் முன்பே முடிவு செய்கிறது. துணை வினவலின் விடை அப்போது அதன் கையில் இருப்பதில்லை. தேதியை முதலில் ஒரு மாறியில் எடுத்து வைத்துவிட்டு, அடுத்த கட்டளையில் அந்த மாறியைப் பயன்படுத்தியதும் சிக்கல் தீர்ந்தது. வினவலை ஓட்டாமலேயே அது எத்தனை பைட் படிக்கும் என்று காட்டும் வசதியும், அதிகபட்ச பைட் வரம்பு வைக்கும் வசதியும் அங்கே உண்டு. இரண்டையும் முதல் நாளிலிருந்தே பயன்படுத்துங்கள்.

செலவைக் காட்டிலும் எனக்கு முக்கியமாகப் படுவது, ஒரே வேலையை இரண்டு முறை ஓட்டினாலும் விடை மாறாமல் இருப்பது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில்தான் இங்கே உற்பத்தி அதிகம். மழையில் தகவல் தொடர்பு அறுந்து, இரண்டு மூன்று நாள் பதிவுகள் மொத்தமாகத் தாமதித்து வருவதும் அதே மாதங்களில்தான். நேற்றைய கணக்கை மட்டும் இன்சர்ட் செய்யும் (புதிதாகச் சேர்க்கும்) வேலை அந்தத் தாமதப் பதிவுகளைக் காணாமலே விட்டுவிடும். பாதியில் நின்ற வேலையை மறுபடி ஓட்டினாலோ அதே உற்பத்தி இருமுறை கணக்கில் ஏறும். அதனால் நான் ஒவ்வோர் இரவும் கடைசி ஏழு நாள்களின் கணக்கை நீக்கிவிட்டு, மூலப் பதிவுகளிலிருந்து புதிதாக எழுதுகிறேன். நீக்குவதும் எழுதுவதும் ஒரே பரிவர்த்தனைக்குள் நடக்கின்றன; இரண்டும் முழுதாக நடக்கும், இல்லையேல் எதுவும் நடக்காது. இருப்பதைத் திருத்தி இல்லாததைச் சேர்க்கும் மெர்ஜ் கட்டளையாலும் இதைச் செய்யலாம், ஆனால் மூலத்தில் திருத்தப்பட்டு மறைந்துபோன வரிசைகளை நீக்கும்படி தனியாக எழுதாவிட்டால் அவை பழைய கணக்கில் தங்கிவிடும் என்பதால் நான் அதைத் தவிர்க்கிறேன்.

நேர வலயத்தையும் மறந்துவிடாதீர்கள். பார்ட்டிஷன்கள் யூடிசி என்ற உலகப் பொது நேரப்படி பிரிக்கப்பட்டிருந்தால் அங்கே நாள் மாறுவது நமக்குக் காலை 5:30 மணிக்கு. நம் ஊரின் ஒரு நாள் இரண்டு பார்ட்டிஷன்களில் விழுகிறது. ஒன்றை மட்டும் படித்தால் நள்ளிரவிலிருந்து விடியற்காலை வரையிலான உற்பத்தி விடுபட்டுப்போகும், பிழைச்செய்தி எதுவும் வராது.

பிக்குவெரியில் பேட்ச் முன்னுரிமை என்றே ஒரு தேர்வு இருக்கிறது. கணினி வளம் ஓய்வாகும் வரை வினவலை வரிசையில் நிறுத்திவைப்பதே அதன் வேலை. படிக்கும் பைட்டுக்கான கட்டணம் அதனால் குறையாது. ஸ்னோஃப்ளேக்கில் கணக்கு வேறு: வினவலை ஓட்டும் கணினித் தொகுதி ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் குறைந்தது 60 வினாடிக்குக் கட்டணம் உண்டு என்பதால், இரவு முழுவதும் சிதறிக் கிடக்கும் சிறு வேலைகளை அடுத்தடுத்து ஓட்டுவதே நல்லது.

எஸ்கியூஎல்லை விட்டு நான் வெளியே போவது ஒரே ஓர் இடத்தில்தான். கியர்பாக்ஸின் அதிர்வு அலைகளை அதிர்வெண்களாகப் பிரித்துப் பார்க்கும் வேலையை எஸ்கியூஎல்லில் எழுத முயல்வது வேண்டாத பாடு என்பதால், அதற்குப் பைதானைப் பயன்படுத்துகிறேன். ஸ்பார்க் இதுவரை எனக்குத் தேவைப்படவில்லை.