டெல்டா வடிகால்: அரசுப் பணம் எங்கே போகிறது? (கேள்வி பதில்)

கூத்தாநல்லூர்: ஐப்பசி மழையில் 2 ஏக்கர் சம்பா மூழ்கிவிடுகிறது. வடிகால் வெட்ட மானியம் உண்டா ஐயா?

அரசுப் பணம் பெரும்பாலும் பொது வடிகாலுக்குத்தான் போகிறது. ஆறுகளையும் பெரிய வாய்க்கால்களையும் நீர்வளத்துறை தூர்வாரும். சி, டி என்று வகைப்படுத்திய சிறு கிளை வாய்க்கால்களை வேளாண் பொறியியல் துறை பார்க்கும். ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்பே வேலை முடியவேண்டும் என்பதால் மதிப்பீடும் அதற்கு முன்பே தயாராகிவிடும். எனவே தை, மாசியிலேயே மனு கொடுங்கள். தண்ணீர் நின்றபிறகு ஓடினால் ஆகாயத்தாமரையை அள்ளுவதைத் தவிர அவர்களாலும் ஒன்றும் செய்யமுடியாது. மனுவில் வடிகாலின் பெயரும் புல எண்ணும் இருக்கட்டும். அதற்கு முன் எஃப்எம்பி எனப்படும் புல அளவீட்டு வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். வரைபடத்தில் உள்ள வடிகால் தரையில் இல்லையென்றால் அது ஆக்கிரமிப்பு விவகாரம், தாசில்தாரிடம் போகவேண்டும்.

வலங்கைமான்: மானியம் எவ்வளவு கிடைக்கும்?

கூத்தாநல்லூருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். அரசுப் பணம் பெரும்பாலும் பொது வடிகாலுக்குத்தான்.

நீடாமங்கலம்: வெள்ளத்தில் வயலில் மணல் படிந்துவிட்டது.

இதற்கு உதவி உண்டு. 2022–26 பேரிடர் நிவாரண விதிப்படி, 3 அங்குலத்துக்கு மேல் படிந்த மணலை அகற்ற ஹெக்டேருக்கு 18,000 ரூபாய். சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும். பயிர்ச் சேதம் தனிக் கணக்கு: 33 சதவீதத்துக்குக் குறைந்தால் கிடையாது. விஏஓ கணக்கெடுக்க வரும்போது வயலில் நில்லுங்கள்.

மன்னார்குடி: எங்கள் தண்ணீர் வடியாததற்குக் கீழே கடலோரத்தில் இருக்கும் கடைமடைக்காரர்கள் ஷட்டரை மூடி வைப்பதுதான் காரணம்.

தலைஞாயிறு: திறந்துவிட்டால் உப்புத்தண்ணீர் ஏறும். எங்கள் வயலுக்கு நீங்களா பொறுப்பு?

சண்டை வேண்டாம், இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கடல் ஏறும்போது கடைமடை ஷட்டரை மூடத்தான் வேண்டும், வற்றும்போது உடனே திறக்கவேண்டும். அந்த நேரம் தவறினால் மேலே இருப்பவருக்கு வயல் மூழ்கும், கீழே இருப்பவருக்கு உப்பு.

மன்னார்குடி: அப்புறம் ஏன் ராத்திரி பூராவும் மூடியே கிடக்கிறது?

வற்றின பிறகும் மூடிக் கிடந்தால் நேரத்தைக் குறித்து உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுங்கள். ஆனால் ஒன்று. டெல்டாவில் பல இடங்களில் மேல் வயலின் வடிகால்தான் கீழ் வயலின் பாசன வாய்க்கால். கோடையில் தண்ணீரைத் தேக்க நடுவே மண்மூட்டை போட்டவர்கள் மழைக்கு முன் அதை எடுப்பதில்லை. அது கடைமடைக்காரர் போட்ட மூட்டையா?

தலைஞாயிறு: நல்லா கேளுங்க ஐயா!

நீங்களும் உங்கள் பக்கத்து எஃப்எம்பியைப் பாருங்கள். இறால் குளத்துக் கரை வடிகாலுக்குள் இறங்கியிருக்கிறதா என்று தெரியும். வெண்ணாற்றுப் பகுதியில் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வளவனாறு எல்லாம் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் சீரமைக்கப்பட்டவை. ஆறு அகலமாகி, அதில் சேரும் வடிகால் அடைந்து கிடந்தால் என்ன பயன்?

திருமருகல்: நெல் மூழ்கினால் காப்பீடு வருமா?

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஒவ்வொரு வயலுக்கும் தனியாக இழப்பீடு தரும் பட்டியலிலிருந்து நெல் மூழ்குவதை 2018இல் நீக்கிவிட்டார்கள். அதன்பின் கிராமத்தில் சில வயல்களை அறுத்துப் பார்த்து விளைச்சலைக் கணிக்கும் அறுவடைச் சோதனைக் கணக்குதான். 2026 காரிஃப் (ஜூன் வாக்கில் தொடங்கும்) பருவம் முதல் மீண்டும் சேர்ப்பதாக மத்திய அரசு அறிவித்திருக்கிறது. அப்படி வரும்போது, வயல் மூழ்கிய 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும்.

பேராவூரணி: தென்னந்தோப்பில் தண்ணீர் நிற்கிறது, மானியம்...

தோப்பு என்றால் தோட்டக்கலைத் துறையில் கேளுங்கள். வடிகால் பொதுவானது என்றால் மாதாந்திரக் குறைதீர் கூட்டத்தில், எஃப்எம்பி நகலோடு.