லெவல் 2 முடிச்சாச்சு, லெவல் 4 ஸ்கீ இன்ஸ்ட்ரக்டர் ஆக அடுத்து என்ன பண்ணணும்?

கேள்வி: பாஸி (பிரிட்டன் ஸ்கீ இன்ஸ்ட்ரக்டர் சங்கம்) லெவல் 2 முடிச்சு ஒரு ஸ்கீ ஸ்கூல்ல ரெண்டு சீசனா பிள்ளைங்களுக்கும் பிகினர்ஸுக்கும் சொல்லித் தர்றேன். வயசு 27. லெவல் 4 வரைக்கும் போய் ஆல்ப்ஸ்ல, முடிஞ்சா பிரான்ஸ்ல, சொந்தமா கிளையன்ட் பிடிச்சு வேலை பார்க்கணும்னு ஆசை. யூரோடெஸ்ட்னு ஒரு நேரம் பார்க்கற ஸ்கீ ரேஸ் பரீட்சை இருக்காம், யூரோடெஸ்ட், யூரோடெஸ்ட்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க. சின்ன வயசுல நான் ரேஸ் ஓடினதே இல்ல. எதுல ஆரம்பிக்கணும், எத்தனை வருஷம் ஆகும்?

பதில்: லெவல் 4ன்னா ஒரே பரீட்சைன்னு நினைச்சுத்தான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. டெக்னிக்கல், டீச்சிங், யூரோடெஸ்ட், மலைப் பாதுகாப்பு, ரெண்டாவது மொழி எல்லாம் தனித்தனியா பாஸ் பண்ணணும், ஒவ்வொண்ணுக்கும் தேதி வேற இடம் வேற, எதை முன்னாடி எடுக்கறீங்கங்கறதுல ரெண்டு வருஷம் மிச்சமும் ஆகலாம் வீணும் ஆகலாம். என் அபிப்பிராயத்தை முதல்லயே சொல்லிடறேன், கேட் டிரெயினிங்கை, அதாவது நட்டு வச்ச கம்பங்களைச் (கேட்) சுத்தி ஓடற ரேஸ் பயிற்சியை, இந்த சீசன்லயே ஆரம்பிங்க, லெவல் 3 முடியட்டும்னு காத்திருக்காதீங்க.

நீங்க பிரான்ஸ்னு சொன்னதாலதான் இவ்வளவு அழுத்தி சொல்றேன். கனடாவோட சிஎஸ்ஐஏ லெவல் 4, அமெரிக்காவோட பிஎஸ்ஐஏ லெவல் 3 ரெண்டுமே அந்தந்த நாட்டுல உச்ச சர்டிஃபிகேட்தான், ரெண்டுமே லேசுப்பட்டது இல்ல, ஆனா யூரோடெஸ்ட் பாஸ் பண்ணிட்டு வான்னு அவங்க கேக்கறதில்ல. ஆல்ப்ஸ்ல கதை வேற. ஐரோப்பிய யூனியன் 2019ல கொண்டு வந்த விதிப்படி உறுப்பு நாடுகளுக்குள்ள உங்க தகுதியை தானா ஏத்துக்கணும்னா அதுல குறிப்பிட்ட சர்டிஃபிகேட்டோட ரெண்டு டெஸ்ட் முடிச்சிருக்கணும், ஒண்ணு நேரம் பார்க்கற ஜயன்ட் ஸ்லாலம் (கேட்களைச் சுத்தி வளைஞ்சு வளைஞ்சு இறங்கற ரேஸ்), இன்னொண்ணு ஆஃப் பிஸ்ட் (சீர்படுத்தின ஸ்கீ பாதைக்கு வெளிய இருக்கற பனி) பாதுகாப்பு. ஐரோப்பிய யூனியன் பாஸ்போர்ட் இல்லாதவங்களுக்கு இது அப்படியே பொருந்தாது, அவங்க அந்தந்த நாட்டோட விதியையும் வேலை பெர்மிட்டையும் தனியா பார்க்கணும், இதை பயிற்சி வகுப்புக்கு பணம் கட்டறதுக்கு முன்னாடி பார்த்துடுங்க.

சரி, யூரோடெஸ்ட். இதுவும் அந்த மாதிரி ஜயன்ட் ஸ்லாலம் டெஸ்ட்தான். முதல்ல சில ரேஸர்கள் கோர்ஸை (ரேஸ் பாதையை) ஓடி திறந்து வைப்பாங்க, ஒவ்வொருத்தருக்கும் முன்கூட்டியே ஒரு கோஎஃபிஷியன்ட் கணக்கு பண்ணி வச்சிருப்பாங்க, அவங்க ஓடின நேரத்தை அதை வச்சு சரிபண்ணி அன்னைக்கான அடிப்படை நேரம் எடுப்பாங்க. ஆண்கள் அதைவிட 18 சதவீதத்துக்குள்ள வரணும், பெண்கள் 24 சதவீதத்துக்குள்ள. அடிப்படை நேரம் 50 செகண்ட்னா ஆண்களுக்கு 59, பெண்களுக்கு 62. கேக்க தாராளமா இருக்கற மாதிரி இருக்கும்! ரேஸ் ஓடாம வளர்ந்த ஒரு நல்ல இன்ஸ்ட்ரக்டர், அதாவது உங்களை மாதிரி ஆள், முதல் தடவை கேட்டுக்குள்ள போனா இதுக்கு பக்கத்துலகூட வரமாட்டார்னுதான் சொல்லணும். ஸ்டைலுக்கு இங்க மார்க்கே கிடையாது, கடிகாரம் மட்டும்தான், ஒரு கேட் தவறினா அந்த ரன் போச்சு.

எங்க நேரம் போகுதுன்னு பார்த்தா பெரும்பாலும் ஒரே இடம்தான். இன்ஸ்ட்ரக்டரா இருக்கறவங்க கேட்டைப் பார்த்துட்டே போய் கேட் கிட்ட வந்ததும் திரும்புவாங்க, அப்போ அழுத்தம் முழுக்க கேட்டுக்கு கீழ விழும், வெளி ஸ்கீ (திருப்பத்தோட வெளிப்பக்கம் இருக்கற ஸ்கீ) பக்கவாட்டுல வழுக்கும், பனி பொரிப்பொரியா தெறிக்கும், அடுத்த கேட்டுக்கு லேட்டா போவாங்க, அதுக்கும் அடுத்ததுக்கு இன்னும் லேட்டு, ஆறாவது ஏழாவது கேட்ல கோர்ஸை விட்டே வெளிய. ரேஸர் பண்றது என்னன்னா கேட்டுக்கு நல்லா மேலயே திருப்பத்தை ஆரம்பிச்சு வெளி ஸ்கீ எட்ஜை (ஸ்கீயோட ஓர விளிம்பை) அங்கயே பிடிக்க வச்சுடுவார், கேட்டை தாண்டும்போது திருப்பத்துல முக்கால்வாசி வேலை முடிஞ்சிருக்கும், அதுக்கப்புறம் காலை லேசா விட்டு அடுத்த பக்கம் போயிடுவார். இதை வாயால சொல்லிப் புரிய வைக்க முடியாது, வீடியோ எடுத்து கேட் தாண்டற ஃபிரேமை நிறுத்திப் பாருங்க, உங்க ஸ்கீ அந்த நேரத்துல எந்தப் பக்கம் பார்க்குதுங்கறதே போதும். இன்னொண்ணு, ஸ்டார்ட் கேட்ல இருந்து முதல் ரெண்டு கேட் வரைக்கும் ஸ்கேட்டிங் பண்ணி வேகம் எடுக்கறதை யாரும் பிராக்டிஸ் பண்றதே இல்ல, சும்மா கிடைக்கற நேரம் அது.

டிரெயினிங் எடுக்கும்போது ஏற்கனவே யூரோடெஸ்ட் பாஸ் பண்ணின யாராவது அதே கோர்ஸை அதே நாள்ல ஓடணும், அவங்க நேரத்தோட உங்க நேரத்தை சதவீதமா எழுதி வைங்க, வெறும் செகண்ட் கணக்கு ஒண்ணும் சொல்லாது ஏன்னா கோர்ஸும் பனியும் தினம் மாறும். இலையுதிர் காலத்துல ஆஸ்திரியாவோட ஹின்டர்டக்ஸ், சுவிட்சர்லாந்தோட சாஸ் ஃபீ மாதிரி கிளேசியர்கள்ல கேட் டிரெயினிங் நடக்கும், வேலை சீசனுக்கு முன்னாடி அங்க போறது நல்லது. சீசன் நடுவுல பகல் முழுக்க பிள்ளைங்களோட நின்னுட்டு சாயங்காலம் கேட் ஓடினா கால் சொன்ன பேச்சு கேக்காது.

இனி டெக்னிக்கல். லெவல் 3, 4ல நிறைய பேர் விழறது செங்குத்தான சரிவுல இல்ல, மெதுவா பண்ணிக் காட்ட வேண்டிய டெமோலதான், இது எனக்கே ஆரம்பத்துல ஆச்சரியமா இருந்துச்சு. வேகமா போகும்போது வேகமே பாதி தப்பை மறைச்சுடும், ஸ்னோ பிளவ்ல (ஸ்கீ முனைகளைச் சேர்த்து வச்சு மெதுவா இறங்கறது) மறைக்க எதுவும் இல்ல, எடை வெளி ஸ்கீல இருக்கா, கால் திரும்புதா இல்ல தோள் திரும்புதான்னு எக்ஸாமினருக்கு பளிச்சுனு தெரியும். நீங்க தினமும் பிகினர்ஸோடதான இருக்கீங்க, அந்த டெமோ ஒவ்வொண்ணையும் பரீட்சை மாதிரியே பண்ணுங்க, சம்பளத்தோட பிராக்டிஸ்! மோகல்ஸ் (பனி மேடுகள்), கரடுமுரடான ஆஃப் பிஸ்ட் பனி, ஷார்ட் டர்ன் இதுக்கெல்லாம் லீவு நாளை ஒதுக்குங்க.

டீச்சிங்ல மேல் லெவலுக்கும் கீழ் லெவலுக்கும் பெரிய வித்தியாசம் காரணத்தைக் கண்டுபிடிக்கறது. ஒருத்தர் திருப்பத்தோட கடைசில வழுக்குறார்னா எட்ஜை நல்லா போடுங்கன்னு சொல்றது லெவல் 2 பதில். வழுக்கல் தெரியறது கடைசிலதான், ஆனா திருப்பம் தொடங்கும்போதே உடம்பு உள்பக்கம் சாஞ்சிருக்கும், இல்லன்னா இடுப்பு பின்னாடி போயிருக்கும், அதை சரி பண்ண ஒரே ஒரு பயிற்சி குடுத்து, அது வேலை செஞ்சுதான்னு பார்த்து, செய்யலன்னா மாத்தணும். நாலு டிரில் அடுக்கறவங்களை எக்ஸாமினருக்கு பிடிக்கறதில்ல, கிளையன்ட்டுக்கும்தான்.

மலைப் பாதுகாப்பை சும்மா தியரின்னு நினைக்காதீங்க. பனிச்சரிவுல புதைஞ்சவங்களை முதல் 10, 15 நிமிஷத்துல வெளிய எடுத்தா பிழைக்க நல்ல வாய்ப்பு, அதுக்கப்புறம் மளமளன்னு குறையும். அதனால 457 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸ்சீவரை (புதைஞ்சவங்ககிட்ட இருக்கற கருவியோட சிக்னலைப் பிடிக்கற கருவி) வச்சு தேடறது கை தானா செய்யற வேலையா ஆகணும், அதை பனிக்கு மிக பக்கத்துல வச்சு மெதுவா குறுக்கும் நெடுக்கும் நகர்த்தி தூரம் காட்டற எண் மிகக் குறைவா வர்ற இடத்தைப் பிடிக்கறது, புரோபை (பனிக்குள்ள குத்தித் தேடற நீளக் கம்பியை) சரிவுக்கு செங்குத்தா குத்தறது, அடிச்சதும் அதை உருவாம அப்படியே விட்டுட்டு சரிவோட கீழ்ப்பக்கம் நின்னு தோண்டறது. பெரும்பாலான பனிச்சரிவு நடக்கறது 30ல இருந்து 45 டிகிரிக்குள்ள, ஸ்லோப்பை பார்த்ததும் கோணம் சொல்லப் பழகுங்க.

மொழிக்கு தனியா ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல, பிரான்ஸ் போறீங்கன்னா பிரெஞ்ச், இன்னைக்கே ஆரம்பிங்க, லிஃப்ட்ல உக்காந்து கிளையன்ட்கிட்ட பேசினாலே பாதி வந்துடும்.

எத்தனை வருஷம்னு கேட்டீங்க. வருஷத்துக்கு ஒரு குளிர்காலம் மட்டும் வேலை பார்த்தா இன்னும் நாலஞ்சு வருஷம்னு வைங்க, யூரோடெஸ்ட் இழுத்துட்டா கூடவும் ஆகும். ஜூன்ல இருந்து அக்டோபர் வரைக்கும் நியூசிலாந்துலயோ சிலிலயோ வேலை கிடைச்சா கொஞ்சம் குறையும், ஆனா ஓய்வில்லாம ரெண்டு குளிர்காலம் ஓடினா முட்டிதான் முதல்ல கையை விரிக்கும். 27 ஒண்ணும் லேட் இல்ல, ஆனா உடம்பு தானா தேறிடும்னு நம்பி இருக்கற வயசும் இல்ல, அதனால வசந்தத்துல ஒரு மாசம் ஓய்வு, அப்புறம் ஒத்தைக்கால் ஸ்குவாட்டும் இடுப்பு பலமும். புது ஜயன்ட் ஸ்லாலம் ஸ்கீ வாங்கறதுக்கு முன்னாடி ஸ்கீ பூட்ஸை ஒரு நல்ல ஃபிட்டர்கிட்ட காட்டுங்க, குதிகால் உள்ள ஆடுற பூட்ஸை போட்டுட்டு எவ்வளவு விலைக்கு ஸ்கீ வாங்கினாலும் எட்ஜ் பிடிக்காது.